வளைந்த எல்லையும் நேர்க்கோட்டு வலையும்

விமானத்தின் இறக்கையைச் சூழ்ந்து காற்று ஓடும் நெறியைக் கணிப்பொறி கொண்டு ஆராய்வோர், முதற்கண் அவ்வெளியைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்துக்கொள்வர். அப்பகுப்பிற்கு வலை என்று பெயர். தமிழ் பயிலும் நமக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் நகைக்கலாம். ஆயினும், வட்டத்தைக் கோடுகளால் ஆக்கப் புகுந்தார்க்கு நேர்ந்த இடர் எவர்க்கும் விளங்கற்பாலதே.

ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தினுள் 16 நேர்க்கோடுகளை முனையொடு முனை சேர வரைவோமாயின், ஒவ்வொரு கோட்டின் நடுவும் வட்டத்தினின்று ஏறக்குறைய 2 ஸெண்டிமீட்டர் உள்வாங்கி நிற்கும். கோடுகளை 128 ஆக்கினால் அவ்விடைவெளி 0.3 மில்லிமீட்டராகக் குறையும். இனிக் குறையாது என்போம். இடைவெளி குறைந்ததேயன்றி மூலைகள் ஒழிந்தனவல்ல. முன்பு 16, இப்பொழுது 128!

இதன் விளைவை 1997-ஆம் ஆண்டில் பாஸ்ஸி, ரெபே என்னும் இத்தாலிய அறிஞர் இருவர் தெளிவுறக் காட்டினர். உராய்வற்ற வாயு, ஒலியின் வேகத்தில் 0.38 பங்கு வேகத்தோடு ஓர் உருளையைச் சூழ்ந்து ஓடுவதாகக் கொண்டனர். அவ்வோட்டம் உருளையின் முன்னும் பின்னும் ஒத்திருத்தல் வேண்டும். எல்லையை நேர்க்கோடுகளாக விட்டுக் கணித்தபோதோ, உருளையின் பின்னே பொய்ச்சுவடு ஒன்று நீண்டு கிடந்தது. வலையை நுணுக்கியும் அஃது அகலவில்லை. எல்லைக் கட்டங்களின் ஓரத்தை வட்டத்திற்கு இயைய வளைத்த பின்னரே ஓட்டம் தன் வடிவம் பெற்றது.

அங்ஙனமாயின் வளைத்துவிடலாமே எனின், அஃது எளிதன்று. பெரும்பாலும் நேர்க்கோட்டு வலையை முன்னர் அமைத்து, பக்கங்களின் நடுவே புள்ளிகளை இட்டு, எல்லைப் புள்ளிகளை மெய்யான வளைவின்மேல் தள்ளுவர். உராய்வுள்ள ஓட்டத்திலோ, சுவரையடுத்த கட்டங்கள் மிக மெல்லியனவாய் இருத்தல் வேண்டும். 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள கட்டத்தின் ஓரத்தை 2 ஸெண்டிமீட்டர் தள்ளினால், அஃது எதிர்ப்பக்கத்தைத் துளைத்து அப்பால் செல்லும். ஜக்கோபியன் என்னும் அளவை அவ்விடத்துக் குறைக்குறி பெறும், கணக்கும் பாழாம்.

இதற்குப் பெர்ஸ்ஸன், பெரேர் என்பார் 2009-இல் கூறிய உபாயம் நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. வலை முழுவதையும் ரப்பர் போன்ற மீள்சக்தியுள்ள திடப்பொருளாகக் கருதி, எல்லையை மாத்திரம் வளைவின்மேல் அழுத்துவர். உள்ளேயுள்ள கட்டங்கள் தாமே நெகிழ்ந்து இடங்கொடுத்துச் சமநிலை எய்தும். காற்றின் கணக்கைத் தீர்ப்பதற்கு முன் திடப்பொருளின் கணக்கொன்றைத் தீர்க்க வேண்டியதாயிற்று என்பது வியப்பே. அதன் பின்னும் ஒவ்வொரு கட்டத்தையும் சோதித்தல் வேண்டும். இட்ட புள்ளிகளில் ஜக்கோபியன் மிகைக்குறியாய் இருப்பினும், அவற்றின் இடையே அது குறைக்குறியாதல் கூடும்.