உருளை ஏன் கூம்பாயிற்று?

ஓர் எஃகுத் தண்டைச் சுழலவிட்டு, கூரிய உளியை அதன் ஓரமாகச் சீராக நகர்த்தினால் வழவழப்பான உருளை கிடைக்கும். இவ்வேலையைச் செய்வது கடைசல் பொறி. பட்டறைகளில் இதை 'லேத்' என்றே சொல்வார்கள். மேசைமேல் வைக்கத்தக்க சிறிய லேத்துகள் இப்போது குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றி அடிக்கடி எழும் புகார் ஒன்று உண்டு: உருளை கேட்டால் கூம்பு தருகிறது!

எங்கள் கல்லூரிப் பட்டறைக்கு வந்த சிறு லேத்தும் இப்படித்தான் செய்தது. 'சக்' எனும் பிடியில் ஒரு முனையை மட்டும் பொருத்தி, மாணவர்கள் ஒரு தண்டைக் கடைந்தார்கள். திருகு அளவியால் அளந்தபோது, பிடிக்கு அருகே விட்டம் 20.00 மி.மீ.; அங்கிருந்து 100 மி.மீ. தள்ளி 20.08 மி.மீ. "மலிவுச் சரக்கு, திருப்பி அனுப்பிவிடலாம் சார்" என்றார்கள். "தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டாமா?" என்றேன்.

நீங்களும் விசாரணையில் கலந்துகொள்ளுங்கள். ஐயத்துக்கு உரியவர்கள் இருவர்.

முதலாவது, தண்டு. உளி வெட்டும்போதே தண்டை அப்பால் தள்ளவும் செய்கிறது. பிடிக்கு அருகே தண்டு அசையாது. வெளிமுனையில் வளைந்து விலகும். விலகிய இடத்தில் உளி குறைவாகவே வெட்டும். ஆகவே அங்கே விட்டம் மிகும். இவ்விலகல் விசைக்கும், நீளத்தின் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். தள்ளும் விசை 100 நியூட்டன் என்று கொண்டால், 20 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டின் முனை, 100 மி.மீ. தொலைவில் ஏறத்தாழ 0.02 மி.மீ. விலகும். விட்டத்தில் அது இரு மடங்காகி 0.04 மி.மீ. ஆகும்.

இரண்டாவது, பொறி. தண்டு சுழலும் அச்சும், உளி நகரும் பாதையும் இணையாக இருக்கவேண்டும். அச்சு சற்றே திரும்பியிருந்தால் கூம்புதான் வரும்.

இருவரையும் பிரித்தறிவது எப்படி? விசையை மாற்றிப் பாருங்கள்! விசை குறைந்தால் வளைவு குறையும். அச்சின் கோணலோ விசையைப் பொருட்படுத்தாது. ஆகவே உளியை நன்றாகத் தீட்டி, மிக மெல்லிய வெட்டாகக் கடைந்தோம். இப்போது வேறுபாடு 0.05 மி.மீ. மெல்லிய வெட்டில் விசை கால்பங்காகிறது என்று கொள்வோம். பொறியால் வரும் பிழை 'அ', வளைவால் வரும் பிழை 'ஆ' எனில்,

அ + ஆ = 0.08
அ + ஆ/4 = 0.05

கழித்தால் ஆ = 0.04; அ = 0.04. குற்றத்தில் பாதி பொறியுடையது அன்று, ஆழமாக வெட்டிய நம்முடையது!

மீதிப் பாதியையும் விடவில்லை. லேத்தை முடுக்கியிருந்த மேசை சமமாக இல்லை. சமமற்ற பரப்பில் இறுக்கினால் வார்ப்பிரும்பு அடிப்பாகமும் சிறிது முறுக்கிக்கொள்ளும். உளியின் பாதை கோணலாகும். ஒரு காலின் கீழே மெல்லிய பித்தளைத் தகடு வைத்து மீண்டும் மெல்லிய வெட்டு எடுத்தோம். வேறுபாடு 0.02 மி.மீ. ஆகக் குறைந்தது. அதில் வளைவின் பங்கு 0.01 போக, பொறியின் பங்கு 0.01 மட்டுமே.

அப்படியானால் மலிவான லேத்தில் குறையே இல்லையா? உண்டு. விலையைக் குறைக்க இரும்பும் குறைக்கப்படுகிறது, உழைப்பும் குறைக்கப்படுகிறது. எடை குறைந்த பொறி எளிதில் அதிரும். கைத்திறனால் சுரண்டிச் சமப்படுத்த வேண்டிய பரப்புகள் அரைகுறையாக விடப்படும்; நகரும் பாகங்கள் தளர்வாக இருக்கும்; விளிம்புகளில் பிசிறு நிற்கும். தளர்வைத் திருகி இறுக்கலாம், பிசிறை அரத்தால் எடுக்கலாம். ஆனால் அடிப்பாகமே கோணலாக வார்க்கப்பட்டிருந்தால் நம்மால் ஆவது சிறிதே. அதைத் திருப்பி அனுப்புவதே முறை. எது எந்த வகை என்பதை அளவிதான் சொல்லும், விலைச்சீட்டு சொல்லாது. பெர்லினில் பேராசிரியராக இருந்த கியோர்க் ஷ்லெசிங்கர், பொறிகளை வாங்குமுன் சோதிக்கும் முறைகளை 1927-இல் நூலாகத் தொகுத்ததும் இதற்காகவே.

லேத் இல்லாவிடினும் நீங்கள் ஒரு சோதனை செய்யலாம். 30 செ.மீ. பிளாஸ்டிக் அளவுகோலை, 10 செ.மீ. வெளியே நீட்டியிருக்குமாறு மேசை விளிம்பில் அழுத்திப் பிடியுங்கள். முனையில் 50 கிராம் எடையைத் தொங்கவிட்டு, முனை எவ்வளவு தாழ்கிறது என்று அளவிடுங்கள். பிறகு 20 செ.மீ. நீட்டி அவ்வாறே செய்யுங்கள். தாழ்வு இரு மடங்காகுமா, எட்டு மடங்காகுமா? முதலில் விடையை ஊகித்து எழுதிவிட்டு, அதன்பின் அளந்து பாருங்கள்.