பழைய லேத்துக்கு மறுவாழ்வு: அளவு முதலில், பெயின்ட் கடைசியில்

காரைக்குடியில் பழம்பொருள் தேடுவோர் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போவார்கள். கதவு, தூண், எனாமல் பாத்திரம் என்றால் அதுதான் வழி. லேத் வேண்டுமென்றால் மூடிய பட்டறைகளிலும், ஓட்டம் நின்ற ஆலைகளிலும், தொழிற்பயிற்சிக் கூடங்களின் ஏலத்திலும் விசாரிக்க வேண்டும். 1941-இல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கரின் லேத், பீளமேட்டு பி.எஸ்.ஜி. லேத், பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்த கோன் புல்லி லேத் என்று எது கிடைத்தாலும் மீட்கும் முறை ஒன்றுதான்.

வாங்கியதும் பலருக்கும் பெயின்ட் டப்பாவின் மேல்தான் கை போகும். செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்கிறவர் உத்தரம் உளுத்திருக்கிறதா என்று பார்க்காமல் வெள்ளையடிப்பதற்குச் சமம் அது. லேத்தின் உயிர் பெட்டிலும் ஸ்பிண்டிலிலும் இருக்கிறது. அவற்றை அளந்த பிறகுதான் மற்ற வேலை.

1. வாங்கும் முன்

துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். மேல்துரு போய்விடும். விரிசலுக்குத்தான் பயப்பட வேண்டும். ஹெட்ஸ்டாக், பெட்டின் கால்கள், கேரேஜின் ஏப்ரன் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன பிராக்கெட்டில் விரிசல் இருந்தால் பித்தளை வைத்துப் பற்றவைக்கலாம். பெட்டிலேயே விரிசல் என்றால் விட்டுவிடுங்கள். சேஞ்ச் கியர்கள் முழு செட்டாக இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தேடுவது பெரும்பாடு.

2. ஏற்றி இறக்குதல்

லேத் தலைகனமானது, ஹெட்ஸ்டாக் பக்கமே எடை அதிகம். டெயில்ஸ்டாக்கையும் கேரேஜையும் பெட்டின் கடைசிக்குத் தள்ளிப் பூட்டிவிட்டு, செயின் பிளாக்கில் பெட்டைப் பிடித்துத் தூக்குங்கள். ஸ்பிண்டிலிலோ லீட் ஸ்க்ரூவிலோ கயிறு போட்டால் அவை வளைந்துவிடும்.

3. பிரிக்கும் முன் அளவெடுங்கள்

ஒரு நோட்டும், மேக்னடிக் ஸ்டாண்டுடன் டயல் கேஜும் போதும். ஜெர்மானியப் பொறியாளர் கியார்க் ஷ்லெசிங்கர் 1927-இல் வெளியிட்ட இயந்திரச் சோதனை முறையே இன்றைய லேத் சோதனைகளுக்கு அடிப்படை. நமக்கு மூன்று சோதனை போதும்.

ஸ்பிண்டில்: மூக்கின் டேப்பருக்குள் டயல் முனையை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முள் 0.02 மி.மீ.க்குள் ஆடினால் நிம்மதி. பிறகு சக்கில் ஒரு தடியைப் பிடித்து மேலே நெம்பிப் பாருங்கள். நிறைய எழுந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது.

கேரேஜ்: ஹெட்ஸ்டாக் பக்கம் கிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையை) லேசாக இறுக்கிவிட்டு டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். அங்கே போய்ச் சிக்கினால் சக்கை ஒட்டிய பகுதி தேய்ந்திருக்கிறது என்று பொருள். வேலையெல்லாம் அங்கேதான் நடந்திருக்கும்.

பெட்: நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துத் தேய்மானத்தைப் பாருங்கள். எந்தத் திசையில் தேய்ந்தது என்பதுதான் முக்கியம். 25 மி.மீ. தடியைக் கடையும்போது டூல் நேர்கீழாக 0.1 மி.மீ. இறங்கினால் விட்டத்தில் வரும் மாற்றம் ஒரு மைக்ரான்கூட இல்லை. அதே 0.1 மி.மீ. பக்கவாட்டில் விலகினால் விட்டம் 0.2 மி.மீ. மாறிவிடும். ஆகவே தட்டைப் பெட்டின் மேல்தேய்மானத்துக்காகக் கிரைண்டிங்குக்கு ஓட வேண்டியதில்லை. வி-பெட்டின் சரிவு தேய்ந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

4. பிரித்தல்

ஒவ்வொரு நட்டையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். ஒரு பகுதியின் திருகுகள் ஒரே டப்பாவில் இருக்கட்டும். ஸ்பிண்டில் மூடிகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எந்தப் பக்கம், எத்தனை என்று குறித்து அப்படியே கட்டி வையுங்கள். பேரிங்கின் இறுக்கம் அவற்றைப் பொறுத்தது. இறுகிய போல்ட்டில் முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். ஸ்பேனரைச் சுத்தியலால் அடிக்கும் முன் இடதுமரையா என்று பாருங்கள்.

5. துரு நீக்கம்

துருவை ஆராயும் ஊர் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் அரிப்புத் தடுப்பு முக்கியமான ஆய்வுத் துறை. அதே மின்வேதியியலை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீங்களும் பயன்படுத்தலாம்.

லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் சலவை சோடாவைத் தண்ணீரில் கரையுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை துருப்பிடித்த பாகத்திலும், பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் மாட்டி, இரண்டும் தொடாதபடி தொங்கவிடுங்கள். குமிழி கிளம்பும், துரு கறுத்துத் தளரும். மறுநாள் நார் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும்.

எச்சரிக்கைகள்: பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். குமிழி ஹைட்ரஜன், திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடியோ நெருப்போ வேண்டாம். தொட்டியில் கைவிடும் முன் சார்ஜரை அணையுங்கள். அலுமினியம், கன்மெட்டல் பாகங்களையும் ஸ்பிரிங்குகளையும் இதில் போடாதீர்கள்.

பெட்டைத் தொட்டியில் இறக்க முடியாது. எண்ணெய் விட்டுப் பழைய பிளேடால் சுரண்டி, நைலான் நாரால் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடையுங்கள். பெட்டில் கிரைண்டரும் உப்புத்தாளும் படவே கூடாது. தேய்ந்து உதிரும் துகள் இடுக்கில் தங்கி மீண்டும் பெட்டைத் தின்னும்.

6. உடைந்த பல்லுக்குப் புது கியர்

பழைய ஆங்கில லேத்துகளின் கியர் டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) என்ற அங்குலக் கணக்கு, இன்று எளிதாகக் கிடைப்பது மாட்யூல் என்ற மி.மீ. கணக்கு. ஆர்டர் கொடுக்கும் முன் நீங்களே கணக்கிடுங்கள். 38 பல் கியரின் வெளிவிட்டம் 2 அங்குலம் என்றால், பல்லோடு 2 கூட்டி 40, அதை 2-ஆல் வகுத்தால் 20 டி.பி. அதே கியர் மாட்யூலில் 1.27. கடைக்காரர் 1.25 மாட்யூல் கொடுத்து ‘ஒட்டிப் போகும்’ என்றால் வாங்காதீர்கள். இரைந்து இரைந்து மற்ற கியரையும் தின்றுவிடும். மில்லிங் வசதியுள்ள பட்டறையில் டி.பி. கட்டர் வைத்து வெட்டச் சொல்லுங்கள்.

7. பூட்டி மட்டம் பார்த்தல்

தளத்தில் நிறுத்தி ரசமட்டம் வைத்து முதலில் தோராயமாக மட்டம் பாருங்கள். கடைசித் தீர்ப்பை லேத்தே சொல்லும். 40 மி.மீ. தடியைச் சக்கில் மட்டும் பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டி, இரு முனைகளிலும் ஒரு வளையம் விட்டு நடுவைக் குறையுங்கள். இரண்டு வளையத்தையும் ஒரே செட்டிங்கில், மிக மெல்லிய வெட்டாக ஓட்டி மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வெளிமுனை பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலுக்கடியில் மெல்லிய ஷிம் வையுங்கள். சிறிதாக இருந்தால் பின்காலுக்கடியில். வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

8. மோட்டாரும் உங்கள் உடம்பும்

பழைய மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து மெகர் வைத்து இன்சுலேஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் கட்டாயம். பெல்ட்டுக்கும் கியருக்கும் மூடி போடுங்கள். வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் கை, கையுறை எதுவும் லேத் பக்கம் கூடாது. சக் சாவியிலிருந்து கை எடுக்கும்போது சாவியும் சக்கிலிருந்து வெளியே வர வேண்டும்.

9. இப்போது பெயின்ட்

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்த்து, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர், பட்டி, எனாமல் என்ற வரிசையில் அடியுங்கள். தையில் வேலையைத் தொடங்கினால் கோடை வெயில் காயவைக்க உதவும். ஐப்பசி மழை ஈரத்துக்கு முன் திறந்த உலோகம் அனைத்திலும் எண்ணெய் படிந்திருக்க வேண்டும். பெட்டுக்கு 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் போடுங்கள். ஆண்டுக்கொருமுறை, ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போதே பிரிக்கும் முன் எடுத்த மூன்று அளவுகளையும் மறுபடி எடுத்து நோட்டில் எழுதுங்கள்.

10. முதல் வேலை

இந்த ஊருக்குப் பழைய லேத் ஏன் பொருத்தம் என்று முதல் வேலையிலேயே தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் பழைய போல்ட்டுகளில் பல விட்வொர்த் மரை. இன்றைய கடையில் கிடைப்பது மெட்ரிக். ஊஞ்சல் கொக்கிக்கு அரை அங்குல விட்வொர்த் நட் வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 12 மரை. உங்கள் லேத்தின் லீட் ஸ்க்ரூ 8 மரை என்றால் விகிதம் 8-க்கு 12: ஓட்டும் கியர் 40 பல், ஓடும் கியர் 60 பல். டூல் முனையை 55 டிகிரியில் தீட்டுங்கள், 60 மெட்ரிக்குக்கு. மெட்ரிக் மரை வெட்ட இதே லேத்துக்கு 127 பல் கியர் தேவை. விட்வொர்த்துக்கு அது தேவையில்லை. அந்தக் காலத்து வீடும் அந்தக் காலத்து லேத்தும் ஒரே அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. ஆயிரம் சன்னல்களும் தாழ்ப்பாள்களும் பழுதுக்குக் காத்திருக்கும் ஊரில், மீட்ட லேத்துக்கு வேலை ஒருநாளும் குறையாது.