வாய்க்கால் நீரும் கீரை வயலும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்மேற்கில் அரிசோனா என்னும் மாநிலம் உள்ளது. அதன் எல்லையோரத்தில், கொலராடோ ஆறு மெக்சிகோ நாட்டை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த ஊர் யூமா. அது பாலை நிலம். ஆண்டு முழுவதும் அங்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 75 மில்லி மீட்டரேயாகும். ஆயினும் பனிக்காலத்தில் அங்குச் செல்வோர் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பசுமையையே காண்பர். ஆற்றை அணையிட்டுத் தடுத்து, வாய்க்கால்கள் வெட்டி நீரைக் கொணர்ந்து, பாலையை விளைநிலமாக்கியுள்ளனர் அம்மக்கள். வடபகுதி வயல்கள் உறைபனியால் மூடிக் கிடக்கும் மாதங்களில், அந்நாட்டார் உண்ணும் இலைக்கீரைகளுள் பெரும்பகுதி இவ்வயல்களிலிருந்தே செல்கின்றது.

இக்கீரைகளுள் ஒன்று ரோமெய்ன் எனப்படும் லெட்டூஸ் வகை. நம் வீட்டுக் கீரை அடுப்பில் வெந்த பின்னரே இலைக்கு வரும். லெட்டூஸ் அவ்வாறன்று, அதனைப் பச்சையாகவே நறுக்கி உண்பர். இவ்வேறுபாடு சிறியது போலத் தோன்றினும், பின்னர் நேர்ந்த துன்பத்துக்கெல்லாம் அடிப்படை அதுவே. கொதிக்கும் நீரில் மாளக்கூடிய கிருமி, பச்சை இலையில் உயிரோடு வயிற்றை அடைகின்றது.

2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நாட்டின் பல மாநிலங்களில் ஒரே வகையான நோய் தோன்றியது. கடும் வயிற்றுவலியும் குருதி கலந்த கழிச்சலும் அதன் அறிகுறிகள். சிலருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. ஜூன் முடிவில் கணக்கிட்டபோது, 36 மாநிலங்களில் 210 பேர் நோயுற்றிருந்தனர். 96 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர், 27 பேருக்குச் சிறுநீரகக் கேடு உண்டாயிற்று, ஐவர் இறந்தனர். நல்லுணவு என்று நம்பிக் கீரை உண்டவர்கள் அவர்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் வருந்துகின்றது.

நோயாளிகளிடம், ‘நீங்கள் உண்டவை யாவை?’ என்று அதிகாரிகள் வினவினர். பெரும்பாலோர் ரோமெய்ன் லெட்டூசையே குறிப்பிட்டனர். ஆனால் அவர்களுள் பலர் உண்டது, நறுக்கிப் பைகளில் அடைத்து விற்கப்பட்ட கீரை. பல பண்ணைகளின் கீரை ஒரே ஆலையில் கலந்துவிடுதலின், அது எந்த வயலில் விளைந்தது என்று கூறுதல் அரிதாயிற்று. இந்நிலையில் வடகோடியிலுள்ள அலாஸ்கா மாநிலத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கு நோம் என்னும் ஊரின் சிறைச்சாலையில் எண்மர் நோயுற்றிருந்தனர். அவர்களுக்கு அளிக்கப்பட்டதோ நறுக்காத முழுக்கீரை. அதன் வழியைப் பின்பற்றிச் சென்றபோது அது யூமா வட்டாரத்துப் பண்ணை ஒன்றில் முடிந்தது. எனினும் அந்த ஒரு பண்ணையைக் கொண்டு மற்ற நோயாளிகளின் நிலையை விளக்க இயலவில்லை. வேறு பல பண்ணைகளும் தொடர்புற்றிருந்தன. அங்ஙனமாயின் அப்பண்ணைகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த பொருள் யாது?

அவ்வினா ஆராய்ச்சியாளரை வாய்க்காலின் கரைக்கு அழைத்துச் சென்றது. ஜூன் திங்களில் அவர்கள் பல இடங்களில் நீரும் மண்ணும் எடுத்துச் சோதித்தனர். பாசன வாய்க்கால் ஒன்றில், ஏறத்தாழ மூன்றரை மைல் நீளமுள்ள பகுதியில் எடுத்த நீரில், நோயாளிகளின் உடலில் காணப்பட்ட அதே கிருமி இருந்தது. மரபணு வரிசையை ஒப்பிட்டு இதனை உறுதி செய்தனர். அவ்விடத்தை அடுத்து, ஒரு நூறாயிரம் மாடுகளுக்கு மேல் கட்டி வளர்க்கக்கூடிய பெரும் பண்ணை ஒன்றும் இருந்தது.

அக்கிருமி யாது எனச் சிறிது அறிதல் வேண்டும். 1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்னும் மருத்துவர் குழந்தைகளின் குடலில் வாழும் பாக்டீரியா ஒன்றைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே பின்னர் அது ‘எஷரிக்கியா கோலை’ என வழங்கலாயிற்று, சுருக்கமாக ‘ஈ. கோலை’ என்பர். மனிதர், மாடு முதலிய உயிர்களின் குடலில் அது கோடிக்கணக்கில் வாழ்கின்றது. அதன் வகைகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் ‘ஓ157’ எனக் குறிக்கப்படும் வகை நச்சுப்பொருளைச் சுரப்பது. மாட்டின் குடலில் அது யாதொரு நோயும் செய்யாது தங்கியிருக்கும். மனித உடலுட் புகுந்தாலோ, மிகச் சிறிய எண்ணிக்கையே நோய்க்குப் போதும். இலையின் நுண்துளைகளிலும் வெட்டுப்பட்ட ஓரங்களிலும் அது ஒட்டிக்கொள்ளுமாதலால், குழாய் நீரில் கழுவுவதால் மட்டும் முற்றும் நீங்குவதில்லை.

வயல் நீரைச் சோதிப்போர் இந்த ‘ஓ157’ வகையை நேராகத் தேடுவது வழக்கமன்று. அது அரிதாகவும் விட்டுவிட்டும் தோன்றுவது; இன்று தேடிக் காணாமையால் நாளை வாராது என்று கொள்ளலாகாது. ஆகவே ஈ. கோலையைப் பொதுவாகத் தேடுகின்றனர். அது நீரில் காணப்பட்டால், விலங்குகளின் கழிவோ மனிதரின் கழிவோ அந்நீரில் கலந்துள்ளது என்பது புலனாகும். கழிவு கலந்த நீரில் கொடிய கிருமியும் இருத்தல் கூடும். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்தல் போன்றது இம்முறை.

சோதனைக்கு நீர் எடுப்பதிலேயே பெருங்கவனம் தேவை. கிருமி நீக்கிய புட்டியைத் தலைகீழாக நீருள் அமிழ்த்தி, பின் நீரோட்டத்தை எதிர்நோக்கித் திருப்பி நிரப்புவர். புட்டியின் வாயிலோ மூடியின் உட்புறத்திலோ விரல் படலாகாது. பட்டால், சோதனை காட்டுவது வாய்க்காலின் தூய்மையை அன்று. எடுத்தவர் கையின் தூய்மையையே! பின் புட்டியைப் பனிக்கட்டியிடையே வைத்துக் காலந்தாழ்த்தாது சோதனைச்சாலைக்கு அனுப்புவர். வெப்பத்தில் கிடந்தால் கிருமிகளின் எண்ணிக்கை வழியிலேயே மாறிவிடும்.

சோதனைச்சாலையில் 100 மில்லி லிட்டர் நீரை மெல்லிய சவ்வு ஒன்றின் வழியே செலுத்துவர். அச்சவ்வின் துளைகள் ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. நீர் கீழிறங்கும், பாக்டீரியாக்கள் மேலே தங்கும். சவ்வை அவற்றுக்குரிய ஊட்டப்பொருளின்மீது வைத்து, இளஞ்சூடான பெட்டியில் ஒரு நாள் விடுவர். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகிப் பெருகி, மறுநாள் கண்ணாற் காணத்தக்க ஒரு புள்ளியாக நிற்கும். புள்ளிகளை எண்ணினால் விடை கிடைத்துவிடும். சிறு குழிகள் நிறைந்த தட்டில் நீரை ஊற்றிச் சோதிக்கும் முறையும் உண்டு. அதில் ஈ. கோலை உள்ள குழிகள் புற ஊதாக்கதிரின்கீழ் நீலநிறமாக ஒளிரும்.

எத்தனை புள்ளிகள் வரை பொறுக்கலாம்? 2015-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு வகுத்த விதியில், பாசன நீர் 100 மில்லி லிட்டருக்குச் சராசரியாக 126 என்னும் அளவு குறிக்கப்பட்டது. இவ்வெண் கீரையை ஆராய்ந்து பெற்றதன்று. ஏரி, ஆறுகளில் நீராடுவோரின் நலம் கருதி முன்பே வகுத்த அளவையே எடுத்துக்கொண்டனர். இங்குச் சராசரி என்பது நாம் வகுப்பில் கூட்டி வகுத்துக் காணும் சராசரியும் அன்று. மூன்று சோதனைகளில் 10, 100, 1,000 என வந்தன என்று கொள்வோம். கூட்டி மூன்றால் வகுத்தால் 370. அவற்றைப் பெருக்கி மூன்றாம் மூலம் கண்டால் 100. ஒரு நாளின் பேரெண் மற்ற நாட்களின் நிலையை மறைத்துவிடாதிருக்கவே இரண்டாம் முறையைக் கையாண்டனர்.

இந்தக் கணக்கு சிக்கலானது என்று உழவர்கள் முறையிட்டனர். அவ்விதி நடைமுறைக்கு வரும் நாளும் தள்ளிவைக்கப்பட்டது. வேறொரு குறையும் அதில் இருந்தது. வாய்க்கால் ஓடிக்கொண்டே இருப்பது. காலையில் எடுத்த நீர் மாலைக்குள் பல மைல் கடந்துவிடும். ஒரு மழை பெய்தாலும், கரையில் மாடு இறங்கினாலும் அதன் தன்மை மாறும். ஒரு புட்டி நீர் ஒரு கணத்தின் செய்தியையே கூறவல்லது. ஆதலால் 2024-ஆம் ஆண்டு மே திங்களில் விதி மாற்றப்பட்டது. நீர் எங்கிருந்து வருகின்றது, அருகில் கால்நடைகள் உள்ளனவா, நீர் இலைமேல் படுமாறு தெளிக்கப்படுகின்றதா, பாய்ச்சிய எத்தனை நாளில் அறுவடை நிகழ்கின்றது என்பனவற்றையெல்லாம் உழவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆராய்ந்து எழுதி வைத்தல் வேண்டும். அறுத்த கீரையைக் கழுவும் நீருக்கு மட்டும் பழைய கண்டிப்பே நிலைத்தது: 100 மில்லி லிட்டரில் ஓர் ஈ. கோலையும் காணப்படலாகாது.

அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் கீரை விளைப்போர் இவ்விதிக்காகக் காத்திருக்கவில்லை. அறுவடைக்கு முந்திய 21 நாட்களுக்குள், திறந்த வாய்க்காலின் நீரைக் கிருமி நீக்காது இலைமேல் தெளித்தலாகாது என்று 2019-ஆம் ஆண்டிலேயே தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். இதனால் குளோரின் முதலிய மருந்துகளைக் கலக்கும் கருவிகள் வாய்க்கால் ஓரங்களில் தோன்றலாயின.

யூமா வாய்க்காலினுள் அக்கிருமி எவ்வழியே புகுந்தது என்பதோ, வாய்க்காலிலிருந்து இலையை எவ்வாறு அடைந்தது என்பதோ இறுதிவரை உறுதியாகப் புலப்படவில்லை. பூச்சி மருந்தைக் கரைக்க அந்நீரைப் பயன்படுத்திப் பயிர்மேல் தெளித்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் எண்ணிப் பார்த்த வழிகளுள் ஒன்று. அவர்கள் வாய்க்கால் நீரை எடுத்தபோது கீரை அறுவடை முடிந்து வாரங்கள் பல கடந்திருந்தன.