நாய் இருக்கும் வீட்டுக்குப் பாம்பு வராதா?

கேள்வி: எங்கள் வீடு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. ஒரு நாட்டு நாயும் ஒரு பூனையும் வளர்க்கிறோம். பாம்பைக் கண்டால் நாய் வழிமறித்துக் குரைக்கும். பூனையோ எட்ட உட்கார்ந்து காலால் தட்டிப் பார்க்கிறது. நாய் இருக்கும் வீட்டுக்குப் பாம்பு வராது என்கிறார் என் மாமியார். உண்மையா? இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம், டாக்டர்?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: வரும் அம்மா. நாய்க்கு வைத்து மிச்சமான சோற்றுக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும். மாமியாரிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், இந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள்.

ஆபத்து நாய்க்குத்தான் அதிகம். எதையும் மோந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் பிராணி அது. அதனால் கடி பெரும்பாலும் மூக்கிலோ முகத்திலோ விழும். கடிபட்ட பிறகும் ஓட்டமும் குரைப்பும் நிற்காது. விஷம் வேகமாகப் பரவும். பூனைக்குக் கடி விழுந்தால் முன்னங்காலில் விழும். பிறகு போய் ஒரு மூலையில் படுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பேசுகிறது. அங்குள்ள பழுப்புப் பாம்பு கடித்து, மருந்து கொடுக்காமலே பிழைத்தவை பூனைகளில் 66 சதவீதம், நாய்களில் 31 சதவீதம். அந்த விஷம் பட்டால் நாயின் ரத்தம் பூனையின் ரத்தத்தைவிட வேகமாக உறைகிறதாம். நம் கண்ணாடி விரியனின் விஷமும் ரத்த உறைவைக் குலைக்கும் வகைதான்.

அதற்காகப் பூனை தப்பிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். 66 என்றால் மூன்றில் ஒன்று சாகிறது. கீரியின் உடம்பில், நல்ல பாம்பின் நரம்பு விஷம் போய் ஒட்டும் இடமே சற்று மாறி அமைந்திருப்பதால் விஷம் எளிதில் ஒட்டாது. பூனைக்கு அந்த வரம் இல்லை.

நாயின் வீரத்தை ரசிக்காதீர்கள். வழி கிடைத்தால் பாம்பு போய்விடும். மறித்துக் குரைக்கும் நாய்தான் அதை நிறுத்திப் படமெடுக்க வைக்கிறது. பக்கத்தில் நின்று "பிடி, பிடி" என்று உசுப்பேற்றும் ஆண்களையும் பார்த்திருக்கிறேன். வந்தது சாரை என்றால் அது சாகும், எலிகளுக்குக் கொண்டாட்டம். நல்ல பாம்பு என்றால் சாவது நாய். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வர அதைப் பழக்குங்கள். நீங்கள் கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே கூப்பிடுங்கள்.

நல்ல பாம்பு கடித்தால் கால் தள்ளாடும், இமை சரியும், எச்சில் ஒழுகும், மூச்சு திணறும். கண்ணாடி விரியன் என்றால் கடிவாய் வீங்கும், ரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கலாம். கட்டுவிரியன் கடித்த இடமே தெரியாமல் போகலாம். கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை அரைத்து ஊற்றுவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். புறப்படும்போதே போன் செய்து, விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் இருக்காது.

மனிதருக்குப் போடும் அதே மருந்துதான். வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் விஷத்திலிருந்து தயாராவது. சின்ன உடம்புதானே, கால் பங்கு போதாதா என்று செலவுக்குப் பயந்து கேட்பார்கள். போதாது. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்து முறிக்க வேண்டியது விஷத்தைத்தான்.

மட்டைக் குவியலை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். இரவில் நாயின் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். கட்டுவிரியன் இருட்டில்தான் நடமாடும் என்பதால், விளக்கு வைத்ததும் பூனையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள்.