ரசிகரின் முகம் மீம் ஆவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மேட்ச் பார்க்கப் போனவர் முகம் எப்படி சார் ஊர் முழுக்கப் பரவுகிறது?" ஓர் எடுத்துக்காட்டுடன் பார்க்கலாம்.

2025 மார்ச் 30. குவாஹாட்டியில் ராஜஸ்தான் ராயல்சுக்கு எதிரான ஐ.பி.எல். போட்டி. கடைசி ஓவரில் சென்னைக்கு 20 ரன் தேவை. சந்தீப் சர்மா வீசிய பந்தைத் தோனி தூக்கி அடிக்க, ஹெட்மயர் பிடித்துவிட்டார். உடனே கேமரா கேலரிக்குத் திரும்பியது. சென்னை ரசிகை ஒருவர் கையை நீட்டி, விரல்களை இறுக்கி, ஆத்திரத்தை அடக்கிக்கொண்டார். சென்னை 6 ரன்னில் தோற்றது. அந்தச் சில விநாடிக் காட்சியோ மீம் ஆனது.

இது மூன்று படிகளில் நடக்கிறது.

1. வெட்டுதல்: நீண்ட வீடியோவிலிருந்து அந்தச் சில விநாடிகளை மட்டும் தனியே எடுக்கிறார்கள். விண்டோஸ் 11ல் உள்ள கிளிப்சாம்ப் புரோகிராமிலேயே இதைச் செய்திடலாம்.

2. சுழல விடுதல்: வெட்டியதை ஜி.ஐ.எப். பைலாக மாற்றுகிறார்கள். 1987ல் வந்த இந்த பார்மட்டில் ஒலி கிடையாது. படம் திரும்பத் திரும்ப ஓடும். வர்ணனை இல்லாததால் எந்த மேட்ச் என்பது மறைந்து, முகபாவம் மட்டும் மிஞ்சும்.

3. வாசகம் சேர்த்தல்: "ஆபீசுக்கு நேரமாச்சு, எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை" என்று எழுதினால், அதே முகம் எங்கள் பகுதிக் கோபமாகிவிடும். யார் வேண்டுமானாலும் தங்கள் வாசகத்தைப் போடலாம் என்பதே மீமின் பலம்.

வாட்ஸ் அப்பில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 சாட்களுக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாது. இருந்தாலும் ஒவ்வொருவரும் 5 பேருக்கு அனுப்பினால், ஐந்தாவது சுற்றில் மட்டும் 3,125 பேரிடம் போய்விடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். திருவொற்றியூர் வீட்டில் மேட்ச் தோற்றதும் தம்பி அழுததை மொபைலில் எடுத்து, ஜி.ஐ.எப். ஆக்கி, நண்பர்கள் குரூப்பில் போட்டேன். மறுநாளே அவன் வேலை பார்க்கும் இடத்தில் 'அழுமூஞ்சி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பதறிப்போய், எல்லோரிடமிருந்தும் நீக்கும் 'டிலீட் பார் எவ்ரிஒன்' கொடுத்தேன். என் குரூப்பில் இருந்தது மறைந்தது. மற்றவர்கள் சேவ் செய்து வைத்த காப்பிகளும், பார்வர்ட் செய்தவையும் அப்படியே இருந்தன. இன்றும் நான் இருக்கும் அறையில் அவன் மேட்ச் பார்ப்பதில்லை.

மீம் செய்து பாருங்கள், நல்ல பயிற்சிதான். முதல் மீமுக்கு உங்கள் முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் முகம் என்றால், சென்ட் பட்டனை அழுத்துவதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.