ஓமவல்லியில் தொடங்கி சாம்பிராணியில் முடிந்த சென்ட்

மணிக்கட்டில் தெளித்ததும் எழுந்தது, சளி பிடித்தால் அம்மா கசக்கிச் சாறு எடுப்பாரே, அந்த ஓமவல்லி இலையின் காரம். கூடவே பிரிஞ்சி இலை. பாரிஸிலிருந்து வந்திருந்த சித்தி மகள் கொடுத்த 2 மில்லி சாம்பிள் அது. செர்ஜ் லூட்டன்ஸின் ‘அம்ப்ர் சுல்தான்’. கை கழுவ எழுந்தேன்.

“கழுவிடாதக்கா, அரை மணி நேரம் இரு” என்றாள்.

இருந்தேன். இலைக்காரம் மெல்ல அடங்கியது. அடியிலிருந்து ஓர் இனிப்பு மேலே வந்தது. கேக், மிட்டாய் இனிப்பல்ல. எண்ணெய் தேய்த்துக் குளித்த கூந்தலுக்குப் பிடிக்கிற சாம்பிராணிப் புகையின் இனிப்பு. பாட்டி வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது.

பிறகு படித்தபோது காரணம் புரிந்தது. லூட்டன்ஸ் மொராக்கோவின் மராகேஷில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர். இதைக் கலந்தவர் கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக். இதிலுள்ள ஆர்கனோவுக்கும் நம் ஓமவல்லிக்கும் மணம் தருவது கார்வக்ரால் என்ற ஒரே பொருள். ‘அம்பர்’ என்றால் திமிங்கலத்தின் அம்பர் என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. மத்தியதரைக் கடலோரச் செடியான சிஸ்டஸின் பிசின், வனிலா, பென்சாயின் ஆகியவை சேர்ந்த கலவைக்குத்தான் சென்ட்காரர்கள் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். பென்சாயின் வேறொன்றுமில்லை, நம் சாம்பிராணிதான்!

லேசான மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடும். பிசின்கள் கடைசிவரை தங்கும். கடையில் காகிதத் துண்டை முகர்ந்து இரண்டே நிமிடத்தில் முடிவெடுத்தால், பறந்துபோகிற பாதியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம். இப்படி நான் வேண்டாமென்று ஒதுக்கியவை எத்தனையோ. இப்போது மூன்றாம் மணி நேரத்தில்தான் தீர்ப்புச் சொல்கிறேன்.

இன்னொரு பாடம் மே மாதத்தில் கிடைத்தது. காலை பதினொரு மணிக்கு நான்கு முறை தெளித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைப் பெண் முகத்தை ஜன்னலோடு வைத்துக்கொண்டே வந்தார். சென்னை வெயிலில் இந்த இனிப்பு இரண்டு மடங்காகிறது. அன்று முதல், மாலைக்கு மேல், ஒரே ஒரு தெளிப்பு. மார்கழிக் குளிரில் இதைப்போல ஒன்று இல்லை.

வாசனை போய்விட்டது என்று மறுபடி தெளிக்கவும் கூடாது. நம் மூக்குத்தான் பழகிப்போயிருக்கும். ஐந்து மணி நேரம் கழித்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிர் மேஜைத் தோழிக்கு நன்றாகத் தெரிந்தது. வெள்ளைத் துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிசின் கறை லேசில் போகாது. மென்மையான சருமம் என்றால் முதல் நாளே முழங்கை உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

முழுப் பாட்டிலுக்குப் பணம் கட்டும் முன் 2 மில்லி வாங்குங்கள். விடுமுறை நாள் ஒன்றில், வேறெதுவும் பூசாமல், காலை முதல் இரவு வரை அதனோடு இருந்து பாருங்கள்.