முழங்கால் வலியும் இடுப்பு மூட்டும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி, நீலகிரி, கோயம்புத்தூர் மாவட்டங்களை அடுத்துள்ள மலைப்பகுதியாகும். இங்கு வாழும் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுச் சோகை என்னும் பரம்பரை நோய் காணப்படுகிறது. இந்நோய்க்குரிய இரத்தக் கூறு இந்தியாவில் 1952-ஆம் ஆண்டில் நீலகிரி மலைவாழ் மக்களிடையே கண்டறியப்பட்டது. இது குழந்தைகளின் இடுப்பு மூட்டையும் சிதைக்க வல்லது.

நோயின் இயல்பு

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இக்கூற்றைப் பெற்ற குழந்தைக்கே நோய் உண்டாகிறது. அதன் சிவப்பணுக்கள் ஆக்ஸிஜன் குறையும்போது அரிவாள் போல் வளைந்து விறைக்கின்றன. இயல்பான சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழும். இவையோ 10 முதல் 20 நாட்களுக்குள் உடைகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து வெளிப்படும் இரும்புச் சத்துள்ள பொருள், ஆக்ஸிஜனைக் கடும் வினைபுரியும் வடிவங்களாக மாற்றுகிறது. இவற்றை உடல் அடக்க இயலாத நிலையே ஆக்ஸிஜனேற்ற நெருக்கடி எனப்படும். இதனால் இரத்தக் குழாய்களின் உட்சுவர் கெட, விறைத்த அணுக்கள் அதில் ஒட்டி அடைப்பை உண்டாக்குகின்றன.

தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு மிக மெல்லிய நாளங்கள் வழியாகவே இரத்தம் செல்கிறது. அவை அடைபட்டால் எலும்பு மடிந்து, உடற்பாரத்தால் நசுங்கி உருமாறும்.

அறியும் முறை

ஒரே நரம்பின் கிளைகள் இடுப்பிற்கும் முழங்காலுக்கும் செல்வதால், இடுப்பு நோயுள்ள குழந்தை பெரும்பாலும் முழங்காலையே சுட்டிக்காட்டும். முழங்காலில் வீக்கமில்லையெனில் இடுப்பையும் சோதித்தல் வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தொடையையும் முழங்காலையும் செங்கோணமாக மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்புறமாக நகர்த்துக. மற்றக் காலைவிட அசைவு குறைந்தாலோ வலித்தாலோ மருத்துவரிடம் அனுப்புக. தொடக்கத்தில் எக்ஸ்ரே படம் பழுதின்றித் தோன்றக்கூடும். அப்போது காந்த அதிர்வுப் படம் தேவைப்படும்.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

நொண்டும் மாணவனைச் சோம்பேறி எனக் கடிந்து ஓடவைத்தல் தகாது. அவன் ஊன்றும் ஒவ்வோர் அடியும் எலும்பை மேலும் நசுக்கக்கூடும். காலை நீவி முறுக்குதலும் கூடாது. காய்ச்சலும் உடனிருப்பின் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. மடிந்த எலும்பைச் சத்து டானிக்குகள் உயிர்ப்பிக்கமாட்டா. மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் ஹைட்ராக்ஸியூரியா, அணுக்கள் வளைவதைக் குறைக்கிறது.

2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்புத் திட்டம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயதிற்குட்பட்டோரின் இரத்தத்தைச் சோதிக்க வகைசெய்கிறது. நோயுற்ற குழந்தையின் உடன்பிறந்தாரையும் சோதனைக்கு அழைத்துச் செல்லுதல் களப்பணியாளரின் கடமையாகும். பெற்றோர் இருவரும் இக்கூற்றைத் தாங்கியவராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டு.